தீப்பெட்டி, லைட்டர் ஹோல்சேல்ல இறங்கலாமா? ரேட்டுக்கு முன்னாடி குடோனை பாருங்க

வந்த கேள்வி, கொஞ்சம் சுருக்கி போடறேன்:

"அண்ணே, எட்டு வருஷமா வீட்டு உபயோக சாமான் ஹோல்சேல் பண்றேன். துடைப்பம், சோப்பு, டிஷ்யூ, மெழுகுவத்தி, பிளாஸ்டிக் டப்பா இதெல்லாம். இப்ப ஒரு சப்ளையர் தீ மூட்டுற பொருள் எல்லாம் கலந்து ஒரு முழு கன்டெய்னர் தர்றேன்னு சொல்றார். தீப்பெட்டி, பாக்கெட் லைட்டர், கரி அடுப்பு பத்த வைக்கிற வெள்ளை க்யூப், மெழுகுல நனைச்ச மரச்சுருள், கேம்பிங் போறவங்க வாங்குற உரசுற கம்பி, அது போக பொம்மை மாதிரி லைட்டர் ஒரு லாட். பேப்பர்ல வீட்டு உபயோக பொருள்னு போட்டு அனுப்பிடுவாராம், தொல்லையே இருக்காதாம். இப்ப இருக்குற குடோன்லயே ஒரு மூலைல வச்சுக்கலாம்னு நினைக்கிறேன். மார்ஜின் நல்லா இருக்குமா? என் பேர்லயே பிராண்ட் போடலாமா? எதுல ஆரம்பிக்கட்டும்?"

தம்பி, அட்வான்ஸ் இன்னும் போடலைன்னா போடாதீங்க. போட்டாச்சுன்னா சரக்கு கிளம்பறதுக்கு முன்னாடி நிறுத்துங்க, இன்னைக்கே போன் பண்ணுங்க. வியாபாரம் வேணாம்னு சொல்லலை, நானே இதுல இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன், நல்ல வியாபாரம்தான். ஆனா நீங்க கேட்ட மூணு கேள்வியும் ரேட்டை பத்தியும் விக்கிறத பத்தியும்தான் இருக்கு, குடோனை பத்தி கேள்வியே கேக்காம "ஒரு மூலைல வச்சுக்கலாம்"னு ஒரே வரில தாண்டி போயிட்டீங்க. இந்த தொழில்ல காசு போறதும் உயிர் போறதும் அந்த மூலைலதான்.

முதல்ல அந்த பேப்பர் விஷயம். சப்ளையர் தொல்லை இல்லைன்னு சொல்றது அவருக்கு தொல்லை இல்லைங்கற அர்த்தத்துல. ஆபத்தான சரக்கை அடையாளம் காட்ட உலகம் முழுக்க யுஎன் நம்பர்னு ஒண்ணு இருக்கு, கப்பல், லாரி, விமானம் எல்லாத்துக்கும் அதே நம்பர்தான். உரசுற பட்டைல மட்டும் பத்திக்கிற சாதா தீப்பெட்டி யுஎன் 1944. எங்க உரசினாலும் பத்திக்கிற குச்சி யுஎன் 1331. மண்ணெண்ணெய் மாதிரி எண்ணெய் ஊறின க்யூப் யுஎன் 2623. இது மூணும் வகுப்பு 4.1, அதாவது லேசுல தீப்பிடிக்கிற திடப்பொருள். பாக்கெட் லைட்டர் யுஎன் 1057, அது வகுப்பு 2.1, தீப்பிடிக்கிற வாயு. ஆக உங்க கன்டெய்னர்ல ரெண்டு வகுப்பு சரக்கு இருக்கு, இதை துடைப்பம் டப்பா மாதிரி ஒரு பேர் போட்டு அனுப்பினா அது பொய் டிக்ளரேஷன். பிடிச்சா கப்பல் கம்பெனி தனியா அபராதம் போடும், கஸ்டம்ஸ் தனியா போடும், சரக்கும் போகும். பிடிக்கலைன்னா இன்னும் மோசம், ஏன்னா அந்த பெட்டியை கப்பல்ல எங்க வைக்கணும், எதுக்கு பக்கத்துல வைக்க கூடாதுன்னு முடிவு பண்றவங்க அந்த பேப்பரை நம்பித்தான் பண்றாங்க. நடுக்கடல்ல தீ பிடிச்சா அணைக்க ஓடுறவனுக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. அதுக்கு நாம காரணமா இருக்க கூடாது தம்பி.

கரியும் சேத்து வாங்குற யோசனை பின்னாடி வரும், எல்லாருக்கும் வரும், அதனால இப்பவே சொல்லிடறேன். கரி தானாவே சூடாகி பத்திக்கிற சரக்கு, வகுப்பு 4.2. முன்னாடி ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் காட்டினா ஆபத்தில்லாத சரக்கா அனுப்ப ஒரு வழி இருந்துச்சு, 2026 ஜனவரி 1ல இருந்து கடல் வழிக்கு அந்த வழியை மூடிட்டாங்க. பழைய ரிப்போர்ட்டை காட்டி ஒருத்தர் ரேட் குறைச்சு பேசினா அவரை அப்படியே விட்டுடுங்க.

சரி, குடோனுக்கு வர்றேன். உங்க லிஸ்ட்ல இருக்குற ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு விதமா கெட்டுப் போகும், ஒண்ணுக்கு நல்லதா இருக்குற இடம் இன்னொண்ணுக்கு ஆகாது. இது புரியாம எல்லாத்தையும் ஒரே ரூம்ல போட்டு நானே ஒரு லாட் முழுக்க இழந்திருக்கேன். தீப்பெட்டி பண்டலுக்கு பக்கத்துலயே வெள்ளை க்யூப் பெட்டியை அடுக்கினேன், ரெண்டும் அதே சரக்குதானேன்னு ஒரு நினைப்பு. க்யூப்ல ஓரமா சில பாக்கெட் கிழிஞ்சிருந்தது தெரியலை. ரெண்டு மாசம் கழிச்சு தீப்பெட்டி பூரா எண்ணெய் வாசனை, சில்லறை கடைக்காரங்க ஒவ்வொருத்தரா திருப்பி அனுப்பினாங்க. கிழிஞ்ச பாக்கெட்ல இருந்த க்யூப் எண்ணெய் ஆவியாகி போய் வெறும் காஞ்ச நுரையா நின்னுச்சு, அதுவும் பத்தலை. வாசனை வருதுன்னா ஆவி இருக்குன்னு அர்த்தம், ஆவி இருக்குற ரூம்ல குச்சி மருந்து வச்சிருந்தேன்னு நினைச்சா இப்பவும் வயித்தை கலக்குது. உங்க குடோன்ல சோப்பும் டிஷ்யூவும் இருக்கு, டிஷ்யூ மாதிரி வாசனை பிடிக்கிற சரக்கு வேற கிடையாது, அதை மறக்காதீங்க.

தீப்பெட்டிக்கு எதிரி ஈரம். குச்சி தலைல இருக்கறது பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடி தூள், இதெல்லாம் சேத்து பிடிக்க ஒரு பசை. பெட்டி ஓரத்து பட்டைல இருக்கறது செம்பாஸ்பரஸ். ரெண்டையும் பிரிச்சு வச்சதாலதான் அது பாதுகாப்பு தீப்பெட்டி. 1844ல ஸ்வீடன்ல பாஷ்ங்கறவர் இந்த முறைக்கு காப்புரிமை வாங்கினார், அடிப்படை இன்னும் அதேதான். அந்த பசை ஈரத்தை இழுக்கும், குச்சி மரமும் இழுக்கும். ஆனா பல பேர் குச்சியை மட்டும் பாத்துட்டு விட்டுடுவாங்க, முதல்ல போறது பட்டைதான். செம்பாஸ்பரஸ் ஈரக் காத்துல மெதுவா மாறி பட்டை பிசுபிசுன்னு ஆகிடும், அப்ப குச்சி எவ்வளவு காஞ்சிருந்தாலும் உரசினா வழுக்கிட்டு போகும். அதனால லாட் வந்தா நடு பண்டல்ல ஒண்ணு, சுவர் பக்கம் ஒண்ணு, அடில ஒண்ணுன்னு எடுத்து உரசி பாருங்க, மேல இருக்கறதை மட்டும் பாக்காதீங்க. நனைஞ்ச தீப்பெட்டியை வெயில்ல போட்டு காய வச்சு திரும்ப விக்கிறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு அதை பண்ணாதீங்க. காஞ்ச மருந்துல வெடிப்பு விட்டிருக்கும், உரசும்போது எரியிற துண்டு தெறிச்சு யாரோ ஒரு அம்மா முகத்துல விழும்.

தரைல நேரா வைக்காதீங்க, பேலட் போட்டு ஒரு சாண் உயரம், சுவர்ல இருந்தும் ஆள் நுழையற அளவு இடைவெளி. கன்டெய்னர்ல வர்றப்பவே ஈரம் ஆரம்பிச்சிடும், பகல் சூடு ராத்திரி குளிர்னு மாறி மாறி வர்றதுல உள்கூரை வேர்த்து சரக்கு மேல சொட்டும். ஈரம் உறிஞ்சுற பை தொங்க விடணும்னு ஆர்டர்லயே எழுதுங்க, வாய்ல சொன்னா மறந்துடுவாங்க.

எங்க உரசினாலும் பத்திக்கிற குச்சி லிஸ்ட்ல கலந்திருக்கான்னு குறிப்பா கேளுங்க. கேம்பிங் ஆளுங்க விரும்பி வாங்குவாங்க, உண்மைதான், ஆனா அதுல பத்திக்கறதுக்கு வேண்டிய மருந்து எல்லாம் குச்சி தலைலயே இருக்கு, பட்டையே வேண்டாம், லோடு ஆட்டத்துல ஒண்ணோட ஒண்ணு உரசினாலே போதும். விமானத்துல அதை ஏத்தவே கூடாதுன்னு தடை. முதல் வருஷத்துல உங்களுக்கு அது வேண்டாம்.

லைட்டருக்கு ஈரத்தை விட சூடுதான் பிரச்சனை. உள்ள இருக்கறது பியூட்டேன், சாதா வெப்பத்துல வாயுவா இருக்க வேண்டியதை அழுத்தி திரவமா வச்சிருக்காங்க. சூடேறினா அழுத்தம் ஏறும், திரவம் விரியும், அதனாலதான் லைட்டர்ல 85 சதவீதத்துக்கு மேல திரவம் இருக்க கூடாது, ஒண்ணுல 10 கிராமுக்கு மேல கேஸ் இருக்க கூடாதுன்னு போக்குவரத்து விதி. ஒரு லைட்டரை பாத்தா சின்னதா தெரியும். கணக்கு போடுங்க, ஒண்ணுல 4 கிராம்னு வச்சுக்கிட்டா 1000 லைட்டர் பெட்டில 4 கிலோ, 50 பெட்டி அடுக்குனா 200 கிலோ கேஸ் உங்க மூலைல உக்காந்திருக்கு. கசிஞ்சா காத்தை விட ரெண்டு மடங்கு கனமா இருக்கறதால மேல போகாது, தரையோட படுத்துக்கும், பள்ளத்துலயும் சாக்கடை வாய்லயும் தங்கும். அதனால ஜன்னல் மட்டும் இருந்தா பத்தாது, தரை மட்டத்துல காத்து போக வழி வேணும். தரையோட சேந்து பிளக் பாயின்ட், பேட்டரி வண்டி சார்ஜர் எதுவும் அந்த பக்கம் இருக்க கூடாது. தகர கூரைக்கு கீழ மேல் அடுக்குல லைட்டர் வைக்கிறதும் வேண்டாம், அங்க சூடு கீழ இருக்கறத விட எவ்வளவோ அதிகம்.

வாங்கும்போது ஐஎஸ்ஓ 9994, அதாவது லைட்டர் பாதுகாப்புக்கான சர்வதேச தரம், அதோட டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க, நீங்க வாங்குற அதே மாடலுக்கு, பக்கத்து மாடலுக்கு இல்ல. அந்த டெஸ்ட்ல லைட்டரை 1.5 மீட்டர் உயரத்துல இருந்து போடுவாங்க, 65 டிகிரி சூட்டுல 4 மணி நேரம் வைப்பாங்க, அப்புறமும் கசியாம ஒழுங்கா அணையணும். சாம்பிள் கேட்டு வாங்கி நீங்களே ஒரு வாரம் உபயோகிச்சு பாருங்க. விரலை எடுத்த உடனே தீ அணையலைன்னா ரிப்போர்ட் எவ்வளவு அழகா இருந்தாலும் அந்த லாட் வேண்டாம்.

அந்த பொம்மை லைட்டரை பத்தி தனியா சொல்லணும். கார், நாய்க்குட்டி, பொம்மை மாதிரி ஷேப்ல, சிலதுல பாட்டு வரும், லைட் மின்னும். ரேட் குறைவா தர்றாங்கன்னா காரணம் இருக்கு, ஐரோப்பிய யூனியன்ல இதை விக்கவே தடை பண்ணி வருஷக்கணக்காச்சு, அங்க போக முடியாத சரக்கு வேற பக்கம் திரும்புது. அமெரிக்கால 1994ல இருந்து பாக்கெட் லைட்டர் குழந்தையால பத்த வைக்க முடியாத மாதிரி இருக்கணும்னு சட்டம். அதை எப்படி சோதிக்கிறாங்கன்னா நாலு வயசை ஒட்டின சின்னப் பசங்க குழு கைல தீ வராத டம்மி லைட்டரை கொடுத்து பாக்கறாங்க, நூத்துல 85 பேராவது இயக்க முடியாம போனாத்தான் பாஸ். இவ்வளவு மெனக்கெட்டு குழந்தை கைக்கு எட்டாம பண்ணின பொருளை பொம்மை மாதிரி செஞ்சு குழந்தை கைலயே கொடுக்கறதுதான் அந்த லாட். சும்மா குடுத்தாலும் எடுக்காதீங்க தம்பி. உங்க நாட்டு சட்டம் தடுக்கலைன்னாலும் எடுக்காதீங்க. இதே மாதிரி அடுப்பு பத்த வைக்கிற திரவம் பாட்டில்ல வரும், அதையும் இப்ப சேக்காதீங்க. குழந்தை ஒரு வாய் குடிச்சாலே நுரையீரலுக்குள்ள போய் உயிருக்கு ஆபத்தாகும், ஐரோப்பால கருப்பு கலர் உள்ள தெரியாத பாட்டில்ல, 1 லிட்டருக்கு மேல இல்லாமத்தான் விக்கலாம். பளபளன்னு ஜூஸ் பாட்டில் மாதிரி வர்ற சரக்கை பாத்தா எனக்கு கோபம்தான் வருது.

மெழுகு மரச்சுருள், உரசுற கம்பி ரெண்டும் உங்க மாதிரி புதுசா வர்றவங்களுக்கு ஏத்தது. மரச்சுருள்ல எண்ணெய் இல்ல, ஆவி இல்ல, வாசனை ஏறாது. ஆனா அது ஆபத்து சரக்கா இல்லையாங்கறதை எம்எஸ்டிஎஸ் (பொருள்ல என்ன இருக்கு, என்ன ஆபத்துன்னு தயாரிப்பாளர் தர்ற பாதுகாப்பு தாள்) பாத்துதான் முடிவு பண்ணணும், மெழுகுன்னு சொல்லிட்டு உள்ள எண்ணெய் கலக்கறவங்க உண்டு, முகர்ந்து பாத்தாலே தெரிஞ்சிடும். சூடான கன்டெய்னர்ல மெழுகு இளகி அட்டைப்பெட்டில ஊறும், அடி பெட்டி நசுங்கும், அதனால அடுக்கு உயரம் குறைவா வைக்க சொல்லுங்க. இன்னொரு குறை, அது பூரா காத்து. எடை இல்லாம இடத்தை அடைச்சுக்கும், நீங்க வாடகை கட்டறது காத்துக்கு.

உரசுற கம்பி ஃபெரோசீரியம், சீரியமும் இரும்பும் மத்த சில உலோகமும் கலந்தது, 1903ல ஆஸ்திரியாக்காரர் ஆயர் வான் வெல்ஸ்பாக் காப்புரிமை எடுத்தது, லைட்டர்ல இருக்குற கல்லும் இதே ஜாதிதான். இதுக்கும் யுஎன் நம்பர் இருக்கு, 1323. ஆனா அரிக்காம பதப்படுத்தி, இரும்பு குறைஞ்சது 10 சதவீதம் இருந்தா அந்த விதில இருந்து விலக்கு. இந்த ரெண்டும் சப்ளையர் எழுத்துல கொடுக்கணும். வந்ததும் மேல கருப்பு பூச்சு முழுசா இருக்கான்னு பாருங்க, பூச்சு விட்ட இடத்துல ஈரம் பட்டா வெள்ளையா பூத்து உதிர்ந்து பொடியாகிடும். பூச்சு நல்லா இருந்து காஞ்ச இடத்துல இருந்தா வருஷக்கணக்குல கெடாது, ரிட்டர்ன் கிட்டத்தட்ட இல்லவே இல்ல.

மார்ஜின் கேட்டீங்க. ஒரு பீஸ்ல எவ்வளவு மிச்சம்னு பாக்காதீங்க, ஒரு கன மீட்டர் இடம் மாசத்துக்கு எவ்வளவு சம்பாதிச்சு தருதுன்னு பாருங்க. தீப்பெட்டில பீஸுக்கு ஒண்ணுமே நிக்காது, ஆனா மாசாமாசம் ஓடும், கடைக்காரன் அதை வாங்க வரும்போது மத்ததையும் வாங்குவான். லைட்டர் சின்ன இடத்துல பெரிய மதிப்பு, அதனாலதான் எல்லாரும் அதுக்கு ஓடறாங்க, ஆனா தனி இடம், தனி வண்டி, தனி இன்சூரன்ஸ் செலவை கழிச்சா நீங்க நினைக்கிற லாபத்துல பாதி நிக்குமான்னு ஒரு தடவை எழுதி பாருங்க. க்யூப், மரச்சுருள் ரெண்டும் சீசன் சரக்கு, சீசன் முடிஞ்சு மிச்சம் நின்னா க்யூப் காஞ்சு போகும், மரச்சுருள் இடத்தை தின்னும். உரசுற கம்பி மெதுவா போகும், ஆனா கெடாம நிக்கும்.

இன்சூரன்ஸ் பத்தி ஒரே விஷயம், உங்க இப்போதைய பாலிசில வீட்டு உபயோக சாமான்னு எழுதி இருக்கும், உள்ள லைட்டர் இருந்து தீ பிடிச்சா அவங்க கையை விரிக்கறதுக்கு எல்லா காரணமும் இருக்கு, அப்ப போறது லைட்டர் மட்டும் இல்ல, எட்டு வருஷ சரக்கும் சேந்து போகும். சரக்கு பேர், அளவு, இடம் எல்லாம் எழுத்துல கொடுத்து பதிலும் எழுத்துல வாங்குங்க. கட்டட ஓனருக்கும் தீயணைப்பு துறைக்கும் அதே மாதிரி, அவங்க வந்து பாத்து எவ்வளவு வைக்கலாம்னு சொல்லட்டும். ஒருவேளை தீப்பெட்டி குவியல் பிடிச்சா மூடி காத்தை தடுத்து அணைக்க முடியாது, குளோரேட்லயே ஆக்ஸிஜன் இருக்கு, தண்ணி ஊத்தி குளிர வைக்கணும், எண்ணெய் க்யூபுக்கு நுரையோ பவுடரோ வேணும், லைட்டர் அடுக்கு பிடிச்சா ஒண்ணொண்ணா வெடிச்சு பறக்கும், அதை அணைக்க போகவே கூடாது, எல்லாரையும் வெளில கூட்டிட்டு போகணும். லோடுமேன் உட்பட எல்லாருக்கும் இதை முன்னாடியே சொல்லி வச்சிருக்கணும், அன்னைக்கு சொல்ல நேரம் இருக்காது.

உங்க பேர்ல பிராண்ட் இப்ப வேண்டாம். பெட்டில உங்க பேர் இருந்தா பல நாட்டு சட்டத்துல நீங்கதான் தயாரிப்பாளர் மாதிரி, டெஸ்ட் ரிப்போர்ட், எச்சரிக்கை வாசகம், லாட் நம்பர், திரும்ப எடுக்கற பொறுப்பு எல்லாம் உங்க தலைல. ஒரு சப்ளையர் கூட மூணு நாலு லாட் வாங்கி தரம் ஒரே மாதிரி வருதுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் முதல்ல மரச்சுருளுக்கு போடுங்க, லைட்டருக்கு கடைசியா போடுங்க.

அப்ப எதுல ஆரம்பிக்கறதுன்னா, உரசுற கம்பியும் மரச்சுருளும், கூட உள்ளூர் ஸ்டாக்கிஸ்ட் கிட்ட இருந்து கொஞ்சம் தீப்பெட்டியும். முழு கன்டெய்னர் வேண்டாம். தீப்பெட்டியை ஒரு மாசத்துக்கு ஓடுற அளவுக்கு மேல எடுக்காதீங்க, ரேட் கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்ல, ஈரத்துல போறதை விட அது குறைவுதான். க்யூபும் லைட்டரும் தனி ரூம் ரெடியான பிறகு, ஒண்ணு ஒண்ணா.

இந்த வாரமே அந்த சப்ளையருக்கு ஒரு மெயில் போடுங்க. ஒவ்வொரு பொருளுக்கும் யுஎன் நம்பர், எம்எஸ்டிஎஸ், லைட்டருக்கு ஐஎஸ்ஓ 9994 ரிப்போர்ட், கம்பிக்கு இரும்பு சதவீதம், பொம்மை லைட்டரை லிஸ்ட்ல இருந்து எடுக்கணும், சரக்கு பேர் உள்ளது உள்ளபடி போடணும். பதில் பேப்பரோட வந்தா அதை எனக்கு அனுப்புங்க, சேந்து பாக்கலாம். "இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார்"னு பதில் வந்தா வேற ஆளை தேடுங்க.